ஜோடியா, உருப்படியா?

நேத்து ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு ஒரே ஒரு வரிய அழிச்சேன். நாலு நாளா தூக்கத்தக் கெடுத்த வரி. அழிச்சுட்டு நிமிந்தா, வெளிய மழை கொட்டுற சத்தம். எப்போ ஆரம்பிச்சுதுன்னே தெரியல.

சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீ போட்டுட்டு வாங்க. (எங்க ஊர்ல சுலைமானி. பால் இல்லாம, எலுமிச்சை பிழிஞ்சு, ஒரு ஏலக்காயத் தட்டிப் போட்டு.)

இந்தப் பக்கம் புதுசா வந்தவங்களுக்கு: நான் ஃபோர்ட் கொச்சி வெளிங்குற எடத்துல பொறந்தவ. வீட்ல தமிழ், தெருவுல மலையாளம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுல ஒரு சரக்குக் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் குடுத்திருக்கேன், அதப் பாத்துக்குறதும் நான்தான். கடை பேரு வேணாம். மிளகு, சுக்கு, ஜாதிக்கா, ஏலக்கா. ஏலக்கா பெரும்பாலும் போடிநாயக்கனூர், இடுக்கி புத்தடி ரெண்டு எடத்துலயும் நடக்குற ஏலத்துலேர்ந்து வரும். (ஏலத்துல எடுத்த ஏலம்! சின்ன வயசுலேர்ந்து இதச் சொல்லி சிரிச்சுட்டிருக்கேன், இன்னும் அலுக்கல.)

சரக்கு அனுப்புறவங்க பேர அவங்க எப்படி எழுதுவாங்களோ அப்படியே பதியணும்னு முதலாளி ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. போடிக்காரங்க பேரு தமிழ்ல, இடுக்கிக்காரங்க பேரு மலையாளத்துல. எனக்கு அது ரொம்பப் புடிச்சுது. ஒருத்தர் பேர அவர் எழுத்துலயே வச்சிருக்குறது மரியாதை. இத மட்டும் மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

திங்கக்கிழமை காலைல ஆபீஸ்லேர்ந்து ஃபோன். லிஸ்ட்டும் கோடவுன் கணக்கும் சேரலயாம்.

அந்த மாசம் வந்த சரக்கோட லாட் கணக்கு அது. கோடவுனப் பாத்துக்குற இக்கா (வயசுல மூத்த முஸ்லிம் ஆம்பளைங்கள இங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) 214 லாட் வந்துச்சுன்னு எழுதியிருக்காரு. 214 லாட்டுக்கு எறக்குகூலி ஆபீஸ்ல வாங்கி, சுமட்டுத் தொழிலாளிங்களுக்குக் குடுத்திருக்காரு.

என் லிஸ்ட்ல 165 லாட்.

அப்போ மீதி 49 லாட்டோட கூலி யார் கைக்குப் போச்சு?

வாயத் தொறந்து யாரும் இதக் கேக்கல. கேட்டிருந்தா அவரு பதில் சொல்லியிருப்பாரு. கேக்காம, அவரு உள்ள வந்ததும் பேச்ச நிறுத்திட்டாங்க. அதத்தான் என்னால தாங்க முடியல.

நான் போனப்ப இக்கா கோடவுன் கதவுக்கு முன்னாடி நின்னு சாக்பீஸ் கோடுகள எண்ணிட்டிருந்தாரு. நாலு கோடு நேரா, அஞ்சாவது குறுக்கா, அஞ்சஞ்சாக் கட்டு. ஒவ்வொரு லாட்டும் உள்ள போகப் போக ஒரு கோடு விழும். மாசம் முடிஞ்சு கணக்கு ஒப்படைச்சாத்தான் ஈரத்துணி போட்டுத் தொடைப்பாரு. 42 கட்டு, மேல 4 கோடு.

"மோளே, கதவு 214ன்னுதான் சொல்லுது"ன்னாரு. (மோளேன்னா மகளே.)

குரல்ல கோவமே இல்ல. கோவப்பட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

அங்கயே ஒரு மூட்டை மேல உக்காந்து லேப்டாப்பத் தொறந்தேன். வலைப்பக்கத்த விட்டுட்டு நேரா டேட்டாபேஸுக்குள்ள போய் அதே கேள்வியக் கேட்டேன். வந்த வரிய எண்ணினா 200.

கதவு 214. வலைப்பக்கம் 165. டேட்டாபேஸ் 200. எதத்தான் நம்புறது?

ரெண்டு சைபரோட முடியுற எண்ணிக்கையப் பாத்தா எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் வரும். இந்த உலகத்துல சரக்கு அவ்ளோ ஒழுங்கா வராது. அப்புறம்தான் உறைச்சுது: டேட்டாபேஸப் பாக்குற கருவிங்க பலதும் ஒரு அளவுக்கு மேல தானா எடுத்து வராது. டிபீவர் முதல்ல 200 வரி எடுக்கும், கீழ உருட்டினா அடுத்தது வரும். மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச்ல 1000. பிஎச்பி மைஅட்மின் ஒரு பக்கத்துக்கு 25. இது நல்லதுக்குத்தான். லட்சம் வரிய மொத்தமா இழுத்தா லேப்டாப் மூச்சு முட்டிப் போயிடும். அமைப்புல மாத்திக்கவும் முடியும். ஆனா பதட்டத்துல இருக்குற ஆளு கண்ணுக்கு அது தெரியாது. (எதுவும் குறையுதுன்னு சந்தேகம் வந்தா, வரிகளப் பாத்து எண்ணாதீங்க. கவுன்ட் போட்டு எண்ணிக்கைய மட்டும் கேளுங்க.)

கவுன்ட் போட்டேன். 214.

உடனே ஆபீஸுக்கு ஃபோன் பண்ணி, "இக்கா கணக்கு சரி, தப்பு ஸ்க்ரீன்லதான்"ன்னு சொன்னேன். என்ன தப்பு, ஏன் தப்புன்னு அப்ப எனக்கே தெரியாது. இருந்தாலும் அத முதல்ல சொல்லிடணும்னு தோணுச்சு. "சரி சரி"ன்னாங்க. அந்த ரெண்டாவது "சரி"ல நம்பிக்கை இல்ல. ஸ்க்ரீன்ல கண்ணால பாக்குறதுக்கும், ஃபோன்ல ஒரு பொண்ணு சொல்றதுக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, 49 லாட் எங்க போச்சு?

டேட்டாபேஸ்லேர்ந்து என் நிரல் (நோட் ஜேஎஸ்ல எழுதினது) வரிகள எடுத்து, அட்டவணையா ஒரு பக்கம் கட்டும். அத வாசல்ல நிக்குற என்ஜின்எக்ஸ் கிட்ட குடுக்கும். அது பூட்டுப் போட்டு, அதாவது எச்டிடிபிஎஸ்ல, மொபைலுக்கு அனுப்பும். நாலு கை மாறுது. எந்தக் கைல நழுவுச்சு?

முதல்ல கொரி, அதாவது டேட்டாபேஸக் கேக்குற கேள்வி, அது மேலதான் சந்தேகம். ரெண்டு அட்டவணைய இணைக்கும்போது ஒரு பக்கம் விவரம் இல்லாத வரி காணாமப் போயிடும், அடிக்கடி நடக்குறதுதான். பாத்தேன், இல்ல. லிமிட் ஏதும் போட்டு மறந்துட்டேனா? இல்ல. ஒரு மணி நேரத்துல கொரிய விடுதலை பண்ணிட்டேன்.

அடுத்து எனக்குப் பழைய பகை ஒண்ணு உண்டு. குரூப் கன்கேட். பல வரியில இருக்குறத கோத்து ஒரே வரியாக் குடுக்குற வசதி. மைஎஸ்க்யூஎல்ல அதுக்கு இயல்பான எல்லை 1024 பைட். அதுக்கு மேல போனா வெட்டிட்டு, எச்சரிக்கைன்னு ஒண்ண ஓரமா வச்சிட்டுப் போயிடும். நீங்களாப் போய்க் கேட்டாத்தான் அது உங்க கண்ணுக்குத் தெரியும். (மரியாடிபில 10.2.4லேர்ந்து எல்லைய ஒரு மெகாபைட்டுக்கு ஏத்திட்டாங்க.) இங்கிலீஷ்ல 1024 எழுத்து கொள்ளும். தமிழ்னா ஒரு குறிக்கு மூணு பைட், அதனால 341 குறியோட நின்னுடும். ரெண்டு வருஷம் முன்னாடி இதுல நல்லா மாட்டியிருக்கேன். அந்த ஞாபகத்துல தேடினேன். இந்த லிஸ்ட்ல குரூப் கன்கேட்டே இல்ல.

(இப்ப யோசிச்சா, அந்த "மூணு பைட்" அப்பவே என் கைல இருந்திருக்கு. கைல வச்சுக்கிட்டே வீடு பூராத் தேடியிருக்கேன்.)

செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு: "இந்தப் பூட்டு படம் வந்ததுலேர்ந்துதான் இப்படி."

தேதியப் பாத்தா உண்மைதான். ரெண்டு வாரம் முன்னாடிதான் புது சர்வருக்கு மாத்தி எச்டிடிபிஎஸ் போட்டேன். அதுக்கு முன்னாடி லிஸ்ட் முழுசா வந்துட்டிருந்துச்சு. நானும் பூட்டு மேல சந்தேகப்பட ஆரம்பிச்சேன்.

இதப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா எல்லாரும் முதல்ல பழி போடுறது பூட்டு மேலதான்.

அந்தப் பூட்டு ரெண்டு வேலை செய்யுது. நடுவுல எவனும் படிக்கக் கூடாது. நடுவுல எவனும் ஒரு எழுத்தக்கூட மாத்தக் கூடாது, வெட்டவும் கூடாது. வெட்டுறதுன்னு ஒரு தாக்குதலே உண்டு. இந்தப் பூட்டோட பழைய வடிவமான எஸ்எஸ்எல்லோட ரெண்டாம் பதிப்புல, எவனாவது நடுவுல லைன அறுத்துவிட்டா, "சரி, சேதி முடிஞ்சுபோச்சு"ன்னு இந்தப் பக்கம் நெனச்சுக்கும். 1996ல வந்த மூணாம் பதிப்புல அத சரி பண்ணினாங்க. பேச்ச முடிக்கும்போது "நான் முடிக்கிறேன்"னு முத்திரை போட்ட ஒரு சேதி சொல்லணும். அது வரலேன்னா யாரோ நடுவுல அறுத்துட்டாங்கன்னு அர்த்தம். இன்னிக்கு நாம பயன்படுத்துற டிஎல்எஸ்லயும் அந்த முறைதான் தொடருது. ஆக, பாதில வெட்டு விழுந்தா காட்டிக் குடுக்கவே பொறந்த பூட்டு அது. அதப் போய் வெட்டுச்சுன்னு சொன்னா எப்படி?

சரி, அந்த வாதத்த விடுவோம், கணக்காவே பாத்தேன். டிஎல்எஸ் சேதியத் துண்டு துண்டாத்தான் அனுப்பும், ஒரு துண்டு அதிகபட்சம் 16,384 பைட். துண்டு ஏதாவது தொலைஞ்சா வெட்டு அந்த அளவுக்குப் பக்கத்துல எங்கயாவது விழணும்னு நெனச்சேன். வந்து சேந்தது 41,200 பைட். 32,768க்கும் பக்கத்துல இல்ல, 49,152க்கும் பக்கத்துல இல்ல.

பூட்டு நிரபராதி.

அடுத்து வாசக்காவல், என்ஜின்எக்ஸ். இங்க நெசமாவே ஒரு கெட்ட எடம் இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கங்க. என்ஜின்எக்ஸ் உள்ளேர்ந்து வர்ற பதில முதல்ல சின்னச் சின்னத் தொட்டியில புடிச்சு வைக்கும். இயல்பா எட்டுத் தொட்டி, ஒவ்வொண்ணும் 4 கிலோபைட், சில கணினியில 8. அது நிறைஞ்சு வழிஞ்சா, மிச்சத்த டிஸ்க்குல ஒரு தற்காலிகக் கோப்புல எழுதும். அந்த அடைவுல எழுத அதுக்கு அனுமதி இல்லேன்னா, இல்ல டிஸ்க்கே நிறைஞ்சு போயிருந்தா, தொட்டில இருந்த வரைக்கும்தான் உங்களுக்கு வரும். சின்னப் பக்கம் எல்லாம் சரியா வந்து, பெரிய பக்கம் மட்டும் அறுபட்டா முதல்ல இங்க பாருங்க. பிழைப் பதிவுல "பர்மிஷன் டினைடு"ன்னு பச்சையா எழுதியிருக்கும்.

எனக்கு அப்படி எதுவும் எழுதியிருக்கல. அடைவு உரிமை சரி, டிஸ்க்குல எடம் தாராளம், பதிவு சுத்தமா வெறுமை.

புதன்கிழமை முழுக்க இப்படியே போச்சு. இக்கா வழக்கம் போல வேலை பாத்துட்டிருந்தாரு. ஆனா புது லாட் வந்தப்ப, ஒவ்வொரு மூட்டை எறங்கும்போதும் ஆபீஸ் பையன் ஒருத்தன் பக்கத்துல நின்னு எண்ணினான். கூடுதல் ஆளாம். உதவிக்காம். இக்கா அவனுக்கும் சேத்து டீ சொன்னாரு.

நேத்து சாயங்காலம் ஒரு வேலை செஞ்சேன். செய்ய வேண்டிய முதல் வேலையே அதுதான்: வெட்டுப்பட்ட பக்கத்த அவசரமில்லாம, கடைசி வரைக்கும் உருட்டி, அறுந்த எடத்தையே உத்துப் பாத்தேன்.

165 வரி முழுசு. 166வது வரி பாதில நிக்குது. ஒரு போடிக்காரரோட பேரு. நாலு எழுத்து தமிழ்ல அழகா இருக்கு. அஞ்சாவது எடத்துல கறுப்பு டைமண்ட், அதுக்குள்ள கேள்விக்குறி.

அந்தக் குறிய எல்லாரும் பாத்திருப்பீங்க. "இங்க ஏதோ பைட் வந்துச்சு, ஆனா எழுத்தா சேர மாட்டேங்குது"ன்னு உலாவி சொல்ற அடையாளம் அது. ஒரு தமிழ் எழுத்தோட மூணு பைட்ல ஒண்ணோ ரெண்டோ மட்டும் வந்திருக்கு. எழுத்தோட வயித்துலயே கத்தி விழுந்திருக்கு.

உடனே வெளிநாட்டு வாங்குறவங்க லிஸ்ட்டத் தொறந்தேன். அது முழுக்க இங்கிலீஷ். கடைசி வரி, கூட்டுத்தொகை, அடிக்குறிப்பு, எல்லாம் முழுசா வந்துச்சு.

என் கை நடுங்குச்சு. நெசமாவே.

பக்கத்த வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு கோப்புல கொட்டச் சொல்லி, லினக்ஸ்ல இருக்குற டபிள்யூசி கட்டளைய ரெண்டு விதமா ஓட்டினேன். பைட் எத்தன? 54,040. எழுத்துக்குறி எத்தன? 41,200.

மொபைலுக்கு வந்து சேந்தது? 41,200 பைட்.

வலையில ஒவ்வொரு பதிலும் போகும்போது தலைப்புல ஒரு சீட்டு ஒட்டிக்கிட்டுப் போகும், கன்டென்ட்-லெங்த்னு. "இந்த மூட்டைல இத்தன பைட் இருக்கு"ன்னு சொல்ற சீட்டு. வாங்குற பக்கம் அத நம்பி அத்தன பைட்ட எண்ணி எடுத்துட்டு, போதும்னு கைய எடுத்துக்கும். நான் அந்தச் சீட்டுல பைட் எண்ணிக்கைய எழுதாம, எழுத்துக்குறி எண்ணிக்கைய எழுதியிருக்கேன். ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு வாக்கியத்தோட நீளம் என்னன்னு கேட்டா அது பைட்டச் சொல்லாது. அதத்தான் நான் கேட்டு, அப்படியே எழுதியிருக்கேன்.

இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணு. ஒரு எழுத்து, ஒரு பைட். அதனால வெளியவே தெரியாது.

நம்ம எழுத்துல? இதோ பாருங்க. மட்டாஞ்சேரி. நாம வாசிக்குறப்ப ஆறு எழுத்து: ம, ட், டா, ஞ், சே, ரி. யூனிகோட்ல புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி, அதனால 11 குறி. யூடிஎஃப்-8ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட், ஆக 33. அதே ஊர இங்கிலீஷ்ல எழுதினா 12 எழுத்து, 12 பைட், முடிஞ்சுது. ஒரே ஊருக்கு ஆறு, பதினொண்ணு, முப்பத்துமூணுன்னு மூணு கணக்கு.

(யூடிஎஃப்-8 முறைய 1992ல கென் தாம்ஸனும் ராப் பைக்கும் நியூஜெர்சில ஒரு சாப்பாட்டுக் கடைல, தட்டுக்கு அடில விரிக்குற காகிதத்துல எழுதி உருவாக்கினாங்க. இங்கிலீஷ் எழுத்துக்குப் பழைய ஒரு பைட் அப்படியே இருக்கணும்ங்குறது அதோட அடிப்படை. மூணு பைட் ஆகுதேன்னு எனக்கு அது மேல கோவம் எதுவும் இல்ல. உலகத்துல இருக்குற எல்லா எழுத்துக்கும் எடம் குடுத்த முறை அது. நாலு பைட் எழுத்துகளும் உண்டு. இமோஜி எல்லாருக்கும் தெரியும். நம்ம பழைய பின்னக் குறிகளும் அந்த வகைதான்: முந்திரி, அதாவது 320ல ஒரு பங்கு, காணி, 80ல ஒண்ணு, மா, 20ல ஒண்ணு. தாத்தா நோட்டுல பாத்த குறிங்க. 2019ல யூனிகோட் 12ல சேந்துச்சு. மைஎஸ்க்யூஎல்ல வெறும் "யூடிஎஃப்8"னு பழைய முறைல வச்ச அட்டவணை மூணு பைட் வரைக்கும்தான் கொள்ளும். 2010ல வந்த "யூடிஎஃப்8எம்பி4" வச்சாத்தான் தாத்தாவோட முந்திரி உள்ள நுழையும்.)

அப்போ ஏன் பூட்டுப் போட்ட நாள்லேர்ந்து இந்தப் பிரச்னை? ஏன்னா அன்னிக்கு சாயங்காலம்தான் ஒவ்வொரு பதிலுக்கும் பாதுகாப்புத் தலைப்புகள் ஒட்டுறதுக்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். "இனிமே பூட்டு வழியா மட்டும் வா"ன்னு உலாவிக்குச் சொல்ற தலைப்பு மாதிரி சிலது. அதோட சேத்து இந்த நீளச் சீட்டையும் எழுதிட்டேன். காரணம் இருந்துச்சு. கோடவுன் சுவர் எல்லாம் அந்தக் காலத்துக் கனமான சுவர், உள்ள சிக்னல் திணறும். பக்கம் எவ்ளோ வந்திருக்குன்னு ஒரு கோடு காட்டினா இக்காவுக்கு உதவியா இருக்கும்னு நெனச்சேன். அவருக்கு நல்லது செய்யப் போட்ட வரிதான் அது.

வெட்டிட்டுப் போனது ஒருத்தருக்கும் தெரியாதது எப்படின்னு பாத்தா, அதுவும் புரிஞ்சுது. எச்டிஎம்எல் அட்டவணை பாதில அறுந்தா உலாவி கோவிச்சுக்காது. தொறந்ததையெல்லாம் தானே மூடி, கோணல் தெரியாமக் காட்டிடும். என்ஜின்எக்ஸுக்கோ விஷயம் தெரியும். "உள்ளேர்ந்து சீட்டுல சொன்னதவிட அதிகமா வருது"ன்னு குறிச்சும் வைக்கும். ஆனா அது எச்சரிக்கை நெலை. எதுவும் சொல்லாம விட்டா பதிவுல பிழை நெலையும் அதுக்கு மேல உள்ளதும் மட்டும்தான் விழும். நெலைய எச்சரிக்கைக்கு எறக்கிட்டுப் பக்கத்த மறுபடி தொறந்தேன். டக்குனு வரி விழுந்துச்சு. நாலு நாளா வெறுமையா இருந்த பதிவு அது.

இதுல என்னை ரொம்ப வதைக்குறது இந்த அமைதிதான். ஒரேடியா ஒடைஞ்சு விழுந்திருந்தா, "சர்வர் கெட்டுப் போச்சு"ன்னு என்னத் திட்டியிருப்பாங்க, இக்காவ யாரும் பாத்திருக்க மாட்டாங்க. 2020 செப்டம்பர் கடைசில இங்கிலாந்துல நடந்தது ஞாபகம் இருக்கா? கொரோனா உறுதியான 15,841 பேர் ஒரு வாரமா அன்றாடக் கணக்குலயே வரல. பழைய எக்செல் கோப்பு வகைல 65,536 வரிக்கு மேல கொள்ளாது. மீதி வரி உள்ள நுழையாமலே போச்சு. கோப்பு எந்தக் கூச்சலும் போடல. அவங்களோட நெருங்கிப் பழகினவங்களுக்குச் சேதி போறதும் அதனால தள்ளிப் போச்சு. படிச்சப்ப எங்கயோ தூரத்துல நடந்ததுன்னு நெனச்சேன்.

இன்னொண்ணும் சொல்லணும். நான் சோதனைக்குப் போட்ட பேரெல்லாம் இங்கிலீஷ்ல. "டெஸ்ட் ஒன், டெஸ்ட் டூ." பேர அவங்கவங்க எழுத்துல வைக்குறது மரியாதைன்னு மேல எழுதினவ நான். அந்த மரியாதைய சோதிக்குறப்பவும் குடுத்திருக்கணும். மூணு பைட் பேரு ஒரு நூறு போட்டுப் பாத்திருந்தா முதல் நாளே அறுந்திருக்கும், என் மேசைலயே. தமிழ்லயும் மலையாளத்துலயும் ஓட்டிப் பாக்காத ஒண்ண இனிமே "சோதிச்சாச்சு"ன்னு நான் சொல்ல மாட்டேன்.

சரி, அந்த வரிய அழிச்சேன். சீட்டே நான் எழுத வேணாம். எழுதாம விட்டா நோட் ஜேஎஸ் தானே பைட்ட எண்ணி சரியா எழுதிக்கும். பக்கத்தத் தொறந்தேன். 214.

இன்னிக்கு விடியக்காலைல அப்பா கெளம்பிட்டிருந்தாரு. (அப்பா வெளி தோபி கானாவுல துவைக்குறவரு. டச்சுக்காரங்க காலத்துல பட்டாளத்து உடுப்பு துவைக்குறதுக்காகத் தமிழ்நாட்டுலேர்ந்து வந்த வண்ணார் குடும்பங்கள்ல எங்களுதும் ஒண்ணு. இப்ப இருக்குற கானா 1976ல கட்டினது. தொட்டி தொட்டியா இருக்கும். வெளிய முறுக்கின கயித்துப் புரிக்குள்ள நுனியச் சொருகிக் காயப் போட்டிருப்பாங்க, க்ளிப்பே கெடையாது.) என் மூஞ்சியப் பாத்துட்டு "கெடைச்சுதா பாப்பா?"ன்னாரு.

சொன்னேன். சீட்டுல ஒரு கணக்கு எழுதிட்டேன், மூட்டைக்குள்ள வேற கணக்கு, சீட்டுப்படி எண்ணி எடுத்தவங்க மீதிய விட்டுட்டாங்கன்னு.

அப்பா செருப்பு மாட்டிட்டிருந்தவரு நிறுத்திட்டாரு. "ஜோடியா எழுதிட்டு உருப்படியா எண்ணிட்டாங்களா?"

அப்படியே நின்னுட்டேன்.

அவரு சின்ன வயசுல ஒரு லாட்ஜுக்குத் துவைச்சாங்களாம். லாட்ஜு பையன் சீட்டுல "தலையணை உறை 30"ன்னு எழுதிக் குடுத்திருக்கான். அவன் நெனச்சது 30 ஜோடி. தேச்சு மடிச்சு மூட்டை கட்டினது சித்தப்பா. சீட்டப் பாத்தாரு, ஒவ்வொண்ணா எண்ணினாரு, 30 ஆனதும் முடிச்சுப் போட்டாரு. மீதி 30 உறை மூலைல வேற வீட்டுத் துணியோட கலந்து கெடந்துச்சு. அங்க போய்ப் பிரிச்சா பாதியக் காணோம். யார் மேல பழி? மூட்டையத் தூக்கிட்டுப் போன தாத்தா மேல.

"ரெண்டு நாள் அந்த ஆளு சாப்பிடல"ன்னாரு அப்பா. தாத்தாவப் பத்தி அவரு இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

"அப்புறம்ப்பா?"

"அப்புறம் என்ன. அதுக்கப்புறம் நோட்டுல வெறும் நம்பர் எழுதுறதே கெடையாது. 60 உருப்படின்னு எழுதணும். மேலயும் எழுதணும், கடைசில கோடு போட்டு, ஆக 60 உருப்படின்னு மறுபடி எழுதணும். வாங்குறவன் அந்தக் கடைசி வரியப் பாக்காம மூட்டைய வாங்கக் கூடாது."

அவரு போயிட்டாரு. நான் பல்லு கூட வெளக்காம லேப்டாப்பத் தொறந்தேன்.

இப்ப லிஸ்ட்டோட உச்சில "மொத்தம் 214 லாட்"னு வரும். அது டேட்டாபேஸ்ல தனியா கவுன்ட் போட்டு எடுத்தது, வரிகள எண்ணி எடுத்தது இல்ல. கடைசில ஒரு கோடு, அதுக்குக் கீழ "ஆக 214 லாட்". பக்கம் தொறந்ததும் ஒரு குட்டி நிரல் அட்டவணைல நெசமா இருக்குற வரிய எண்ணிப் பாத்து, உச்சில இருக்குற எண்ணோட ஒத்துப் பாக்கும். ஒண்ணு கொறைஞ்சாலும் செவப்புப் பட்டை: "இந்தப் பட்டியல் முழுசா வரல. இத வச்சுக் கணக்குப் பாக்காதீங்க." அந்த நிரல பக்கத்தோட தலைல வச்சிருக்கேன், வால் அறுந்தாலும் அது பொழைக்கும். வேணும்னே நடுவுல வெட்டி, தமிழ் எழுத்தோட நடுவுலயே வெட்டி, நாலு தடவை பாத்தேன். நாலு தடவையும் செவப்பு.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இக்கா பன்னெண்டு மணிக்குப் பள்ளிவாசலுக்குக் கெளம்பிடுவாரு. அதுக்கு முன்னாடி போய்ச் சேரணும்னு ஓடினேன். ஆபீஸ் மேனேஜர் கிட்ட எல்லாத்தையும் சொல்லி, நீங்களே வந்து சொல்லணும்னு கேட்டேன். வந்தாரு. எறக்குற ஆளுங்க எல்லாரும் நிக்கும்போதே, "கதவுக் கணக்குதான் சரி, லிஸ்ட்ல இருந்தது தப்பு"ன்னு சத்தமா சொன்னாரு. நானும் அந்த வரிய எழுதினது நான்தான்னு சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இக்கா லிஸ்ட்ட வாங்கி, ஒவ்வொரு வரியா வெரல வச்சு கதவுக் கோட்டோட ஒத்துப் பாத்தாரு. அவசரமே படல. போடிக்காரங்க பேரு வர்ற எடத்துல மட்டும் தமிழ் வாசிக்கத் தெரியாம எங்கிட்ட நீட்டுவாரு, நான் வாசிப்பேன், தலையாட்டிட்டு அடுத்த வரிக்குப் போவாரு. கடைசிக் கோடு வரைக்கும் வந்து, அதுக்குக் கீழ இருந்தத உத்துப் பாத்தாரு.

"இது என்ன எழுதியிருக்கு?"

"ஆக 214 லாட்."

"நல்லது. எழுத்துதான் பொடிசா இருக்கு. எனக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியல. பெருசாப் போட்டுத் தா மோளே."

ஈரத்துணி எடுத்துக் கதவத் தொடைச்சுட்டு, பள்ளிவாசலுக்குக் கெளம்பினாரு.

இப்பதான் பெருசாக்கிட்டு வந்து இத எழுதுறேன். கடைசி வரி, மத்த எழுத்தவிட ரெண்டு மடங்கு. மலையாளத்துலயும் சேத்துப் போட்டிருக்கேன்.